அளவுமானிப் பெட்டியில் இருந்த தாள்

அன்புள்ள மகனுக்கு,

இதை முழுவதும் படிக்க உனக்கு அரைமணி நேரம் ஆகும். படிக்கத் தொடங்கும் முன் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலையில் கிரேனில் ஏறாதே. காய்ச்சல் என்று சொல், வயிறு சரியில்லை என்று சொல், எதையாவது சொல்லிவிட்டுக் கீழேயே இரு. உன்னைப் பொய் சொல்லச் சொல்வது எனக்கு இதுதான் முதல்முறை. நானே உன்னிடம் மறைத்த ஒன்றைப் பற்றியதுதான் மீதிக் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. உன் கல்யாணப் பத்திரிகையில் அம்மாவின் பெயரை எப்படிப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் நீ சும்மா சொல்வதுபோல் சொன்னாய்: "அய்யா, நாலஞ்சு நாளா இடது கை விரலெல்லாம் மதமதன்னு இருக்கு. லீவரைப் பிடிச்சா பிடிச்ச மாதிரியே தெரியல." நான் ஒரு மூச்சுக்கூட எடுக்காமல், "ஏசிக்கு நேராக் கைய வச்சுப் படுக்காதப்பா" என்றேன். நீ சிரித்தாய். "உப்பளத்துல இருந்து ரிட்டயர் ஆகி இப்ப டாக்டராயிட்டீகளா?" என்றாய். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் நீ குரல் கொடுத்ததும் பந்தல்காரர், சமையல்காரர் என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வாயால் சொல்ல வராது. என்னவாக இருந்தாலும் எழுதித்தான் பழக்கம், அதனால் எழுதுகிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த இடத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். சாயல்குடிப் பக்கத்து உப்பளத்தின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். பாத்தியில் நிற்கும் உப்புநீரில் கண்ணாடி மானியை மிதக்கவிட்டு, இந்த அளவு வந்தால் அடுத்த பாத்திக்கு விடு, இந்த அளவைத் தாண்டும் முன் நீரை வடித்துவிடு என்று சீட்டு எழுதிக் கொடுப்பேன். தாண்டவிட்டால் கசப்பும் சேர்ந்து படிந்துவிடும், அந்த உப்பை வாயில் வைக்க முடியாது. "பாத்தாலே தெரியுது சார், இதுக்கு எதுக்கு மானி?" என்று கேட்ட மேஸ்திரிகளோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். வேறு எதிலும் யாரோடும் குரல் உயர்த்தாதவன், அளக்காமல் மடை திறக்கக்கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன்தான் உன் விஷயத்தில் ஆறேழு வருடமாக அளக்காமலே இருந்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஆரம்பித்தபோது நீ பாலிடெக்னிக்கில் கடைசி வருடம், விடுதியில் இருந்தாய். முதல் நாள் நடந்தது உனக்குத் தெரியாது. நான் வேலை விட்டு வந்து சைக்கிளை நிறுத்துகிறேன், அவள் வாசலில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "ஒருத்தரச் சமாளிக்கவே இந்தப் பாடு. இன்னைக்கு ரெண்டு பேரா வாரீகளே!" அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே சொன்னாள். ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததால், கண்ணாடி பழக நாளாகும் என்று சொன்னேன். கண்ணாடிக்கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை, நானாகச் சொன்னது. இப்படியே மூன்று மாதம் போயிற்று. ஒரு காலையில் அவளுடைய வலது கன்னம் மரத்து, குடித்த காப்பி வாயோரமாக வழிந்தது. அதன் பிறகுதான் மதுரைக்குப் போனோம். "ஏசிக்கு நேராகப் படுக்காதே" என்று உன்னிடம் சொன்ன அதே வாய்தான் அன்று "பழகினால் சரியாகிவிடும்" என்று சொன்னது.

மதுரை ஆசுபத்திரியில் மூளை அறுவை செய்யும் டாக்டர் சின்ன வயதுப் பெண். நிதானமாகப் பேசினார். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, நாவல்பழம் போல் இருந்த ஒன்றைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். மெல்லிய சுவருள்ள ரத்தக்குழாய்கள் கொத்தாகப் புடைத்துக்கொண்டு, அவ்வப்போது கசியுமாம். கேவர்னோமா என்று பெயர். தலையில் வேறு இடத்தில் இருந்தால் பலருக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்க்கை முடிந்துவிடும். "ஆனா இவங்களுக்கு மூளைத்தண்டுல இருக்கு. மூச்சு விடுறது, முழுங்குறது, கண்ணு அசையிறது, எல்லாத்துக்கும் வயர் இங்கிட்டுத்தான் போகுது. அதுக்கு நடுவுல போய் உக்காந்திருக்கு. அபூர்வமான இடம்" என்றார். முதல் கசிவுதான், பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி கசிந்தது. இனி விட்டாலும் சேதம், எடுத்தாலும் சேதம் வரலாம் என்றார். நான் என் வழக்கப்படி அளவு கேட்டேன். "இந்த ஆபரேஷன் பண்ணுனா நூத்துக்கு எத்தனை பேர் நல்லா வாராங்க?" அவர் பேனாவை மூடிவைத்தார். "நம்பர் சொன்னா நீங்க அதையே பிடிச்சுக்குவீங்க சார். உங்க வீட்டம்மாவுக்கு நடந்தா முழுசா நடக்கும், இல்லாட்டி நடக்காது. அதுக்கு நம்பர் கிடையாது." அம்மாவிடம் கேட்டேன். "படிச்சவுக நீங்க. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். அது சரியா தவறா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்த மானியும் காட்டாது.

பிறகு நடந்ததில் பாதியை நீ பார்த்தாய். நாவல்பழத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள், புதிய படத்தில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. டாக்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். ஆனால் அம்மாவால் விழுங்க முடியவில்லை, நடக்க முடியவில்லை, வலது கை அவள் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. தொண்டையில் போட்ட துளை சில மாதங்களில் மூடியது, வயிற்றில் போட்ட குழாய் கடைசிவரை இருந்தது. பேச்சு திரும்பியது, ஆனால் குழறல். ஆறு மாதம் கழித்து, இனி மெல்லத் தேறிவிடுவாள் என்று நான் நம்பத் தொடங்கிய நேரத்தில், அவளுடைய கண்கள் தாமாகவே மேலும் கீழும் ஆடத் தொடங்கின. உள்நாக்கும் அதே தாளத்தில் துடித்தது. மூளைத்தண்டுக்குள் ஒரு தொடர்பு அறுந்து போனால், அதற்கு அடுத்துள்ள முடிச்சு வீங்கி இப்படித் தானாகத் துடிக்கத் தொடங்குமாம். இதுவும் அபூர்வம்தான், தூங்கும்போதும் நிற்காது என்று சொன்னார்கள். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"எப்படிடி இருக்கு?" என்று கேட்டேன். "வள்ளத்துல இருக்கேன்" என்றாள். அக்காள்மடத்தில் கடலோரத்தில் பிறந்தவள், அவளுக்கு அப்படித்தான் சொல்லத் தெரிந்தது. "எல்லாம் ஆடுது. நீங்க ஆடுறீக, கதவு ஆடுது. எறங்கவே முடியல." டிவி பார்க்க முடியாது, எழுத்து படிக்க முடியாது, உன் முகத்தை வீடியோவில் பார்த்தால் வாந்தி வரும். நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு பேசியது கோபத்தால் அல்ல, தம்பி. நீ ஒருநாள் என்னிடம் "அம்மாவுக்கு நான் இங்க வந்தது பிடிக்கலையா அய்யா?" என்று கேட்டாய், நினைவிருக்கிறதா? உன்னைப் பார்க்காமல் உன் குரலை மட்டும் கேட்டால் ஆட்டம் இல்லை என்று அவள் சொன்னாள். அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டிலை மேற்குச் சுவருக்கு எதிரே திருப்பச் சொன்னாள். சுவரில் இருந்த காலண்டரையும் கடிகாரத்தையும் எடுத்துவிடச் சொன்னாள். வெறும் சுண்ணாம்புச் சுவரில் ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் அவளுடைய ஐந்து வருடம் போனது.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். இரண்டு மணிக்கு ஒருமுறை குழாயில் எவ்வளவு கஞ்சி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சிறுநீர், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன் என்று எல்லாம் எழுதினேன். பார்த்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். நோட்டில் குனிந்திருக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை உன் மாமா அக்காள்மடத்திலிருந்து சூடை மீன் குழம்பு கொண்டுவந்தார். அவர் அம்மாவுக்குத் தம்பி, அவளிடம் உரிமையாகச் சண்டை போடக்கூடிய ஒரே ஆள். வாசனை பிடித்து அவள், "ஒரு சொட்டு" என்றாள். நான் முடியாது என்றேன், நுரையீரலுக்குள் போய்விடும் என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் மச்சான், ஒரு சொட்டு நாக்குல தடவுனா செத்தாப் போயிரும்? உங்க நோட்டுல அதுக்குக் கட்டம் இல்லையோ?" நான் தடவவிடவில்லை. போன வருடம் ஆடி மாதத்தில் நுரையீரல் காய்ச்சலில்தான் அவள் போனாள். அவள் எச்சிலே உள்ளே போய்விட்டது. குழம்பை மறுத்து நான் காப்பாற்றியது ஒன்றும் இல்லை.

இதுவரை எழுதியது என் துக்கம். இனி எழுதுவது உனக்கு நான் செய்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்னையும் மாமாவையும் தனியாக உட்காரவைத்தார். "இவங்க தலையில ஒண்ணு மட்டும் இல்ல. சின்னச் சின்னதா ஏழெட்டு இருக்கு. இப்படி நெறைய இருந்தா, பெரும்பாலும் குடும்பத்துல வழிவழியா வர்றது. வேற யாருக்காவது வலிப்பு, பக்கவாதம் உண்டா?" என்று கேட்டார். நான் மாமாவைப் பார்த்தேன், மாமா ஜன்னலைப் பார்த்தார். மாமாவுக்கு இளவயதிலிருந்து வலிப்பு வருவது உனக்குத் தெரியும். அம்மாவின் அப்பா அமைதியான கடலில் வள்ளத்திலிருந்து சாய்ந்து விழுந்து இறந்தவர். அவரைக் கடற்காற்று அடித்துவிட்டது என்றார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தவன்தான். மூன்று அளவுகளை வரிசையாக எழுதியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் இரண்டையும் சொன்னதும் டாக்டர் சொன்னார்: "அப்படின்னா உங்க பையனுக்கு இருக்க சரிபாதி வாய்ப்பு உண்டு. வந்தாலும் அம்மாவுக்கு வந்த எடத்துலயே வரணும்னு இல்ல. ஒரு தடவ தலை ஸ்கேன் பாத்துருங்க." உன் பெயரைக் கேட்டு, வயதைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

பஸ் நிலையத்தில் மாமா என் கையைப் பிடித்தார். "மச்சான், அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க. எனக்கும்தான் தலைக்குள்ள இருக்கும். பாத்துட்டா மட்டும் மீன் கூடுதலாப் படுமா? இருந்தா வெட்ட முடியாது, வெட்டுனா அக்கா மாதிரி ஆகும். அவன் வயசுப் பய. தெரியாமயே இருக்கட்டும்." நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எனக்குத் தாளைக் கிழிக்கத் தெரியாது, எந்தத் தாளையும் நான் கிழித்ததில்லை. வீட்டுக்கு வந்து, அந்த வருடம் நான் ஓய்வு பெற்றபோது என்னுடன் வேலை பார்த்தவர்கள் கொடுத்த கண்ணாடி மானி இருக்கும் மரப்பெட்டியில், பட்டுத்துணிக்கு அடியில் அதை வைத்தேன். அம்மாவின் மருத்துவக் கோப்பில் எல்லாத் தாளும் தேதி வரிசையில் இருக்கும். அந்த ஒன்று மட்டும் இருக்காது.

அடுத்த வருடம் உனக்கு வேலை வந்தது. வளைகுடாவுக்குப் போக மருத்துவப் பரிசோதனை. தெருவில் யாருடைய விண்ணப்பமானாலும் நான்தான் நிரப்புவேன், உன்னுடையதை நிரப்பாமல் இருப்பேனா? குடும்பத்தில் வலிப்பு, மூளைநோய் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அச்சுப் போன்ற எழுத்தில் "இல்லை" என்று எழுதினேன். நீ என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கு இருக்கேய்யா?" என்றாய். "அது கேக்கிறது பரம்பரையா வர்றத" என்று சொல்லி அடுத்த கட்டத்துக்குப் போனேன். அய்யா எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்பினாய். அந்தக் கையெழுத்துதான் உன்னை நாற்பது ஆள் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் ஏற்றி உட்கார வைத்திருக்கிறது, கீழே எத்தனையோ பேர் நடமாடும் இடத்தில். உனக்கு அங்கே மாமாவுக்கு வருவதுபோல் வந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள்கூட நினைக்காமல் இருந்ததில்லை. நினைத்தும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன், அவளிடம் மறைக்க வரவில்லை. அவள் மாமா கட்சி இல்லை. "அது அவன் தலை. அவன்கிட்ட சொல்லுங்க" என்று குழறலாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசி வாரத்தில் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "பிள்ளைக்குச் சொல்லிட்டீகளா?" நான் சொன்னேன்: "சொல்லிட்டேன். ஸ்கேனும் பாத்துட்டான், ஒண்ணுமில்லையாம்." அவளுடைய இடது கை கட்டிலில் தடவித் தடவி என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அவ்வளவு நிம்மதியை அவள் முகத்தில் நான் அந்த ஆறு வருடத்தில் பார்த்ததில்லை. அதை ஒரு பொய்யால் வாங்கினேன்.

அதோடு நின்றிருக்கலாம். உன் நிச்சயதார்த்தத்தன்று, கடலாடியில், தேவியின் அப்பா என்னைத் தனியாக அழைத்துப்போனார். மிகவும் கூச்சப்பட்டுக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீக சம்பந்தி. அம்மாவுக்கு வந்தது பிள்ளைகளுக்கு வர்ற நோயா? பெத்தவன் கேக்கணும்ல?" நான் சொன்னேன்: "அது ரொம்ப அபூர்வமா வர்றதுங்க." பொய்யில்லாத ஒரு சொல்லை எடுத்துக் கேள்வியை மூடிவிட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்து, "உங்க வாயால கேட்டாப் போதும்" என்றார்.

நீ கேட்பாய், இவ்வளவு நாள் கழித்து ஏன் என்று. உன் கை மரத்துப்போனது கழுத்து எலும்பாலும் இருக்கலாம். லீவரையே நாளெல்லாம் பிடிப்பதாலும் இருக்கலாம். அப்படி எழுதும்போதே என் மனம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது, கண்ணாடி பழக நாளாகும் என்று சொன்ன அதே மனம். ஆகவே என் ஆறுதல் எதையும் நீ நம்ப வேண்டாம். தலைக்கு ஸ்கேன் எடு. அம்மாவுக்கு இது இருந்தது என்று அங்கே உள்ள டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் அவரைக் கேட்காமல் எடுக்காதே.

படத்தில் ஒன்றும் இல்லை என்று வரலாம். வந்தால், என்னோடு பேசாமல் இருக்க உனக்கு எல்லா உரிமையும் உண்டு. இருந்தால் என்ன செய்வது என்று என்னிடம் பதில் இல்லை. மாமா பஸ் நிலையத்தில் கேட்டதற்கு ஏழு வருடமாகப் பதில் தேடுகிறேன், கிடைக்கவில்லை. தெரிந்துகொள்வதால் அது கசியாமல் இருக்கப்போவதில்லை. எட்டக்கூடிய இடத்தில் இருந்தால் எடுப்பார்கள், சிலர் நன்றாகவே எழுந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கூடவே இருந்து பார்த்தது ஒருத்தியைத்தான், அவள் வரவில்லை. தைரியமாக இரு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. அந்தச் சொல்லை எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன், தாளில் தெரியும்.

தேவிக்குச் சொல்ல வேண்டும். அவளிடம் நீ சொல்ல வேண்டும், படம் எடுத்த பிறகல்ல, அதற்கு முன்பே. அவள் அப்பாவிடம் நான் போகிறேன். நீ சரி என்று சொன்ன அன்றே கடலாடிக்குப் பஸ் ஏறுவேன். உனக்கு ஒன்றும் தெரியாது, கட்டத்தில் எழுதியவனும் நிச்சயதார்த்தத்தில் மழுப்பியவனும் நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கல்யாணம் நின்றுபோகலாம். வேலையும் போகலாம். நான் எதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயை மூடினேனோ அது எல்லாமே போகலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை: அம்மா சொன்னதுதான் சரி. அது உன் தலை.

பெட்டியை இன்று காலை திறந்தேன். தாள் மஞ்சளாகியிருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. டாக்டர் உன் பெயருக்கு எதிரே அன்றைய வயதை எழுதியிருக்கிறார், இருபத்தொன்று. இந்தக் கடிதத்தின் தாள்களையும் அதையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து உனக்கு அனுப்பப்போகிறேன். டாக்டரின் தாளைத்தான் முதலில் அனுப்புவேன். நடுவில் எனக்குப் பயம் வந்து நிறுத்திவிட்டாலும் அது உன்னிடம் வந்திருக்கும்.

என்னை மன்னிக்க வேண்டாம். கூப்பிடவும் வேண்டாம், கூப்பிட்டால் நான் மறுபடி பந்தல்காரரைப் பற்றிப் பேசிவிடுவேன். உன் ஷிஃப்ட் அங்கே காலை ஆறுக்கு, இங்கே எட்டரை. "ஏறல" என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பு. அது வரும்வரை அம்மாவின் கட்டிலில், போனை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
அய்யா